கான்டெஸாவுக்கு சூப்பர்சார்ஜர்: 6 லட்சம் லோன் போட்டு என்ஜின் வேலை பார்க்கலாமா?

மேற்குத் தாம்பரத்துல இருந்து ஒரு சப்ஸ்கிரைபர் மெயில் போட்டிருந்தார். வயசு 29, சிறுசேரியில வேலை, கைக்கு வர்ற சம்பளம் 82,000. அவர்கிட்ட ஒரு ஹிந்துஸ்தான் கான்டெஸா கிளாசிக் இருக்கு, 1.8 லிட்டர் இசுஸு பெட்ரோல் என்ஜின். புகை கக்குது, ஆயில் குடிக்குது. எப்படியும் என்ஜினை இறக்கத்தான் போறோம், கையோட ஒரு சூப்பர்சார்ஜரையும் மாட்டிட்டா என்னன்னு கேட்கிறார். பட்ஜெட் 6 லட்சம். அதுல என்ஜின் வேலை 1.6 லட்சம், மீதி 4.4 லட்சம் சூப்பர்சார்ஜருக்கும் அதுக்காக மாத்த வேண்டிய சாமான்களுக்கும். பேங்க் ஆப்ல 14 சதவீதத்துல ப்ரீ-அப்ரூவ்டு லோன் ரெடியா நிக்குது. "லோன் போடலாமா வேண்டாமா, ஒரே வார்த்தையில சொல்லுங்க சார்"னு முடிச்சிருந்தார்.

ஒரே வார்த்தைன்னா, வேண்டாம். ஆனா எது வேண்டாம்ங்கறதுலதான் விஷயமே இருக்கு. என்ஜின் வேலையைப் பண்ணுங்க. சூப்பர்சார்ஜர் வேண்டாம். லோன் ரெண்டுக்குமே வேண்டாம்.

இந்த மாதிரி கேள்வி வந்தா பர்சனல் ஃபைனான்ஸ் பேசுற எங்க ஆளுங்க உடனே எடுக்குற ஆயுதம் ஒண்ணு உண்டு. "அந்த 4.4 லட்சத்தை 12 சதவீதத்துல 20 வருஷம் விட்டா 42 லட்சம் ஆகும் தெரியுமா?" கணக்கு சரிதான், போட்டுப் பாருங்க. ஆனா இந்தக் கணக்கை வச்சு ஒருத்தரோட ஆசையை மிரட்டுறது எனக்குப் பிடிக்காது. அப்படிப் பார்த்தா ஞாயித்துக்கிழமை பிரியாணிகூட பல ஆயிரம் ரூபாய். சம்பாதிக்கிறதே சில விஷயங்களுக்குச் செலவு பண்ணத்தான். ஆறு மாசச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட் இருக்கு, அப்பா அம்மாவுக்குத் தனி ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கு, கிரெடிட் கார்டு பாக்கி இல்லைன்னா, மிச்சப் பணத்துல நீங்க பழைய கார் வச்சுக்கிறதும் ஒண்ணுதான், வெளிநாடு டூர் போறதும் ஒண்ணுதான். அதனால சூப்பர்சார்ஜர் வேண்டாம்னு நான் சொல்றதுக்குக் காரணம் எஸ்.ஐ.பி. கிடையாது.

இந்த ஆசை எங்கிருந்து வருது

கான்டெஸாவை ஏன் இந்தியாவோட மசில் கார்னு சொல்றாங்க? நீளமான பானெட், அகலமான முகம், பின்சக்கர டிரைவ். பிரிட்டனோட வாக்ஸ்ஹால் கார் ஒண்ணோட டிசைனை வாங்கி, 1984-ல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கொண்டுவந்தது. உடம்பு பயில்வான், ஆனா உள்ள இருந்தது அம்பாசடரோட 1.5 லிட்டர் என்ஜின். இழுக்கவே இழுக்காது. அப்புறம் இசுஸு 1.8 வந்தப்பதான் வண்டி ஓரளவு உருப்பட்டது. அதுவும் 88 பி.எச்.பி. தான். 2002-ல உற்பத்தி நின்னுபோச்சு.

நம்ம ஏரியாவுலயே இதுக்கு ஒரு அண்ணன் உண்டு. ஜி.எஸ்.டி. ரோட்டுல பெருங்களத்தூர்–வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் ஃபேக்டரி இருந்தது பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஹெரால்டு, கேஸல் எல்லாம் அங்க வந்ததுதான். 1985-ல அவங்க ஸ்டாண்டர்டு 2000-னு ஒரு கார் விட்டாங்க. பாடி, பிரிட்டன்ல 3.5 லிட்டர் வி8 என்ஜினோட ஓடின ரோவர் எஸ்.டி.1. இங்க அதுக்குள்ள வச்சது பழைய காலத்து நாலு சிலிண்டர் 2 லிட்டர் என்ஜின். விலை அதிகம், ஓட்டம் குறைவு. அந்தப் பத்து வருஷம் முடியறதுக்குள்ள காரும் போச்சு, கம்பெனியும் படுத்தது. லைசென்ஸ் ராஜ் காலத்துல கிடைச்ச என்ஜினை கிடைச்ச பாடியில வச்சதோட விளைவு அது.

ஆக, "இந்த உடம்புக்கு ஏத்த என்ஜின் இதுல இல்லையே"ங்கற ஏக்கம் நியாயமான ஏக்கம். மெயில் போட்டவரைக் கிறுக்குன்னு சொல்ல மாட்டேன். அந்த 88 குதிரையை 130 ஆக்கணும்னா என்னென்ன வரிசையா வந்து நிக்கும்ங்கறதைத்தான் பார்க்கணும்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

சூப்பர்சார்ஜர்ங்கறது கிராங்க் ஷாஃப்ட்ல இருந்து பெல்ட் போட்டு ஓட்டுற ஒரு காற்று பம்ப். டர்போ சைலன்சர் பக்கம் போற புகையில சுத்தும், இது என்ஜின்கிட்டயே பவரை வாங்கிச் சுத்தும். சாதாரணமா என்ஜின் தானா உறிஞ்சிக்கிற காற்றை, இது அழுத்தி உள்ள திணிக்கும். அரை பார் பூஸ்ட் கொடுத்தீங்கன்னா பேப்பர்ல ஒன்றரை மடங்கு காற்று. காற்று கூடினா அதுக்கேத்த பெட்ரோல் கூடணும். ரெண்டும் கூடினா சூடு கூடும். சூடு கூடினா பெட்ரோல் நேரம் பார்க்காம தானா வெடிக்கும். மெக்கானிக் "நாக்கிங்"னு சொல்றது அதுதான். அப்படி வெடிச்சா பிஸ்டன் ஓட்டை.

அதைத் தடுக்க கம்ப்ரஷன் குறைச்ச ஃபோர்ஜ்டு பிஸ்டன் வேணும். கான்டெஸாவுக்கு அது கடையில தொங்காது, அளவு கொடுத்துச் செய்யணும். கார்புரேட்டர் இந்த வேலைக்கு ஒத்துவராதுன்னா ஃபியூல் இன்ஜெக்ஷன், அதுக்கு ஒரு ஈ.சி.யூ., அதுக்கு ட்யூனிங். உள்ள போற காற்றைக் குளிரவைக்க இன்டர்கூலர். பெரிய ரேடியேட்டர். பழைய கிளட்ச் நழுவும், கியர்பாக்ஸ் முனகும். இவ்வளவு வேகம் கூடின வண்டியை நிறுத்த பிரேக் வேணும், இல்லையா? பெல்ட்டும் புல்லியும் நேர்கோட்டுல நிக்க லேத்ல பிராக்கெட் கடையணும். பழைய மினி கூப்பர் எஸ்-ல இருந்து கழட்டின ஈட்டன் யூனிட் ஒண்ணு சல்லிசா கிடைக்குதுன்னு அவர் எழுதியிருந்தார். கிடைக்கும். அந்த யூனிட் விலையைப் பட்ஜெட்னு நினைச்சுக்கிட்டு இறங்குறவங்கதான் பாதியில நிக்கிறாங்க. சுண்டைக்காய்க்குப் பேரம் பேசிட்டு சுமைகூலியை மறந்துடறோம்.

சாதா என்ஜின் வேலைக்கும் இதுக்கும் இருக்கிற பெரிய வித்தியாசம் என்னன்னா, சாதா வேலையில முடிவு தெரியும். போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டா, கிராங்க் கிரைண்ட் பண்ணி புது பேரிங் போட்டா, ஹெட்டை ஃபேஸ் பண்ணி வால்வு சீட் பார்த்தா, வண்டி பழைய நிலைக்கு வரும். ஆயிரக்கணக்கான தடவை பண்ணின வேலை. சூப்பர்சார்ஜர்ல நீங்கதான் முதல் பரிசோதனை எலி. எலிக்கு கொட்டேஷன் யாராலயும் துல்லியமா கொடுக்க முடியாது.

இன்சூரன்ஸ் பக்கம்தான் எனக்கு நிஜமான பயம்

இதை நிதானமா படிங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்புல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதிப்படுத்திச்சு. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்துல, அனுமதி இல்லாம வண்டியை மாத்தின ஓனருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா ரெண்டுமேன்னு போட்டிருக்கு. 5,000 ரூபாய்தானேன்னு தோணும். பெரிய தொகை அங்க இல்ல.

வண்டி யாரையாவது இடிச்சிட்டா? தேர்ட் பார்ட்டி பாலிசியில உயிர்ச்சேதத்துக்கும் காயத்துக்கும் வரம்பு கிடையாது, டிரிப்யூனல் எவ்வளவு சொல்லுதோ அவ்வளவு. செத்துப்போனவர் 35 வயசு, நல்ல சம்பளம், ரெண்டு குழந்தைங்கன்னா அந்தத் தொகை கோடியைத் தாண்டுறது சாதாரணம். அந்த நேரத்துல இன்சூரன்ஸ் கம்பெனி கைகழுவ என்னென்ன காரணம் சொல்லலாம்னு 150-வது பிரிவுல இருக்கு. அதுல ஒண்ணு, முக்கியமான ஒரு உண்மையை மறைச்சு பாலிசி எடுத்தது. சூப்பர்சார்ஜர் மாட்டினதைச் சொல்லாம பாலிசி புதுப்பிச்சா, அவங்க வக்கீல் முதல்ல தூக்குறது அதைத்தான். கோர்ட்டு பல கேஸ்ல "முதல்ல பாதிக்கப்பட்டவங்களுக்குக் கொடு, அப்புறம் ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்க"ன்னு உத்தரவு போடும். அந்த ஓனர் நீங்க. 82,000 சம்பளத்துல ஒரு கோடியை எத்தனை வருஷம் கட்டுவீங்க? அப்பா பேர்ல இருக்கிற வண்டியா இருந்தா, அந்தக் கடன் ரிட்டயர் ஆன மனுஷனோட வீட்டு வாசலுக்குப் போகும்.

ஒவ்வொரு கேஸ்லயும் இப்படித்தான் ஆகும்னு நான் சொல்லல. கம்பெனி அதை நிரூபிக்கணும், வாதாட இடம் உண்டு. ஆனா 40 குதிரை சக்திக்காக அந்த வாதத்துக்குள்ள போய் நிக்கணுமாங்கறதுதான் கேள்வி. "சொல்லிட்டே பாலிசி எடுக்கிறேன்"னா, ஆர்.சி.யில ஏறாத மாற்றத்தை அவங்க ஏத்துக்கிறது கஷ்டம்.

"ரேஸ்காரங்க எல்லாம் பண்றாங்களே"ன்னு கேட்பீங்க. இருங்காட்டுக்கோட்டை டிராக்ல ஓடுற சலூன் கார்கள் எல்லாம் அக்குவேறா மாத்தினதுதான். அதுங்க டிரக்ல ஏறி வந்து, டிராக்ல ஓடி, டிரக்ல ஏறிப் போகும். நீங்களும் அப்படி வைக்க ரெடின்னா, அதாவது வண்டலூர்ல அவுட்டர் ரிங் ரோடு பிடிச்சு நசரத்பேட்டை வழியா டிராக் வரைக்கும் ஒவ்வொரு தடவையும் கட்டித் தூக்கிட்டுப் போக ரெடின்னா, அது வேற கதை, வேற பட்ஜெட். மெயில் போட்டவரோ வாரக்கடைசியில மாமல்லபுரம் போய்ட்டு வரணும்னு எழுதியிருக்கார். பெருங்களத்தூர் சிக்னலைத் தாண்டுறதுக்கு 88 குதிரையே ஜாஸ்தி.

இன்னொரு பக்கமும் இருக்கு. 30 வருஷ வண்டிக்கு ஐ.டி.வி.ன்னு பெருசா எதுவும் போட மாட்டாங்க. அஞ்சு வருஷம் தாண்டின வண்டிக்கு அது பேசி முடிவு பண்ற தொகைதான். பாதிப் பேர் வெறும் தேர்ட் பார்ட்டிதான் வச்சிருக்காங்க. அப்போ நீங்க போட்ட 6 லட்சத்துக்கு இன்சூரன்ஸ் மதிப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். 2015 டிசம்பர்ல முடிச்சூர், வரதராஜபுரம் எப்படி இருந்துச்சுன்னு அங்க இருந்தவங்களுக்குத் தெரியும். 2023-ல மிக்ஜாம் வந்தப்போ வேளச்சேரி மேம்பாலம் முழுக்க கார் வரிசை கட்டி நின்னதைப் பார்த்தோம். பாதி கழட்டின என்ஜினோட ஷெட்ல நிக்கிற காரை மேம்பாலத்துக்கு ஓட்டிட்டுப் போக முடியாது. மேற்குத் தாம்பரம்னு அவர் சொன்னதும் எனக்கு முதல்ல தோணினது இதுதான். நவம்பர், டிசம்பர்ல என்ஜினைப் பிரிச்சுப் போடாதீங்க.

லோன் கணக்கு

6 லட்சம், 14 சதவீதம், 4 வருஷம். இ.எம்.ஐ. சுமார் 16,400. மொத்தம் திருப்பிக் கட்டுறது 7.87 லட்சம், அதாவது வட்டி மட்டும் 1.87 லட்சம். இன்னொரு முழு என்ஜின் வேலைக்கான காசு வட்டியாவே போகுது. அதே 16,400-ஐ மாசாமாசம் 6.5 சதவீத ஆர்.டி.யில போட்டா, வட்டிக்கு டாக்ஸ் கட்டினாலும் 35 மாசத்துல 6 லட்சம் கையில இருக்கும். வெறும் என்ஜின் வேலைக்கான 1.6 லட்சம்னா பத்தே மாசம். பத்து மாசம் காத்திருந்தா கடனே தேவையில்லாத வேலைக்கு நாலு வருஷம் கடன்.

வட்டியைவிட மோசமானது ஒண்ணு இருக்கு. என்ஜினைத் திறக்காம கொடுத்த கொட்டேஷன் குத்துமதிப்புதான். பிளாக்ல கீறல் இருக்கலாம், கிராங்க் ஏற்கெனவே கடைசி சைஸ் வரைக்கும் கிரைண்ட் ஆகியிருக்கலாம். 6 லட்சம் 8 லட்சமாகும்போது லோன் பணம் தீர்ந்திருக்கும், இ.எம்.ஐ. ஓடிட்டு இருக்கும், வண்டி பிரிஞ்சு கிடக்கும். அப்போ கிரெடிட் கார்டை எடுப்பீங்க, வருஷத்துக்கு 40 சதவீதம் பக்கம் வட்டி. "இவ்வளவு போட்டாச்சு, இன்னும் கொஞ்சம்தானே"ங்கற அந்த வரிதான் புறநகர்ல ஒவ்வொரு ஷெட்லயும் தார்பாய் மூடி நிக்கிற கார்களோட கதை.

அதனால என் வழி இது. வேலையைத் துண்டு போடுங்க. முதல் துண்டு, திறந்து அளக்கிறது மட்டும். கம்ப்ரஷன் டெஸ்ட், அப்புறம் இறக்கி போர் அளவு, கிராங்க் அளவு, பிளாக்கும் ஹெட்டும் கீறல் செக். இதுக்கு மட்டும் ஒரு தொகை பேசி எழுதி வாங்குங்க. அந்த அளவை வச்சு வர்ற கொட்டேஷன்தான் நிஜக் கொட்டேஷன். அதுக்கு மேல 30 சதவீதம் சேர்த்து அந்தப் பணம் மொத்தமும் கையில இருந்தாதான் அடுத்த துண்டு. இறக்குறதுக்கு முன்னாடி, ஓவர்சைஸ் பிஸ்டனும் ரிங் செட்டும் ஜி.பி. ரோட்டுலயோ புதுப்பேட்டையிலயோ கிடைக்குதான்னு பார்த்து, முடிஞ்சா வாங்கி வச்சுக்கிட்டு இறக்குங்க. பிஸ்டன் வராம போர் போட்டுட்டு உட்கார்ந்திருக்கிறவங்க நிறைய. கையோட ரப்பர் ஹோஸ், கார்புரேட்டர் கேஸ்கெட், ஃபியூல் பம்ப் டயஃப்ரம் எல்லாத்தையும் மாத்திடுங்க. இப்போ பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அந்தக் காலத்து ரப்பர் அதுக்காகச் செஞ்சது இல்ல.

பில் வாங்குங்க. ஜி.எஸ்.டி. நம்பர் இருக்கிற பட்டறைன்னா 18 சதவீதம் சேரும், 1.6 லட்சத்துக்கு 28,800. 2025 செப்டம்பர் 22-ல இருந்து ஆட்டோ பார்ட்ஸ் எல்லாம் ஒரே 18 சதவீதம். 28-னு பழைய ரேட்ல யாராவது போட்டா கேளுங்க. நம்பரே இல்லாத சின்னப் பட்டறை ஜி.எஸ்.டி. கேட்டா கொடுக்காதீங்க, அவங்க வசூல் பண்ணக் கூடாது. பில் இல்லாம கை மாறின காசுக்கு, ரெண்டு மாசத்துல மறுபடி புகை வந்தா கேட்க நாதி இல்ல.

டாக்ஸ் பத்தி எப்பவும் வர்ற ஒரு கேள்வி: "ரெடி பண்ணி லாபத்துக்கு வித்தா டாக்ஸ் உண்டா?" சொந்த உபயோகத்துக்கு வச்சிருந்த கார் வருமான வரிச் சட்டப்படி மூலதனச் சொத்து கிடையாது. லாபம் வந்தா கேப்பிடல் கெயின்ஸ் இல்ல. அதே மாதிரி நஷ்டம் வந்தா எதுலயும் கழிக்கவும் முடியாது. ஆனா வருஷத்துக்கு ரெண்டு வண்டி வாங்கி ரெடி பண்ணி விக்க ஆரம்பிச்சீங்கன்னா அது வியாபாரம், வருமானத்துல காட்டணும். லாபக் கணக்கு போடறவங்களுக்கு இன்னொண்ணு. பழைய கார் சேகரிக்கிறவங்க காசு கொடுக்கிறது ஒரிஜினலுக்குத்தான். 50 வயசு ஆனா கிடைக்கிற வின்டேஜ் ரெஜிஸ்ட்ரேஷனுக்கும், என்ஜின்ல பெரிய மாற்றம் இல்லாம ஒரிஜினல் வடிவத்துல இருக்கணும்ங்கறது விதி. 1984-ல பிறந்த முதல் கான்டெஸாவுக்கு 2034-ல அம்பது ஆகும். சூப்பர்சார்ஜர் மாட்டினது அந்த வரிசையில நிக்க முடியாது.

கடைசியா, மெயில்ல அவர் ஒரு வார்த்தைகூட எழுதாத ஒண்ணு: ஆர்.சி. என்ஜின்ல ஒரு ரூபாய் போடறதுக்கு முன்னாடி அதை எடுத்துப் பாருங்க. செல்லுபடி தேதி முடிஞ்சிருக்கா? 15 வருஷம் தாண்டின வண்டியை அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். 2025 ஆகஸ்ட்ல இருந்து 20 வருஷம் தாண்டின காருக்கு மத்திய அரசு கட்டணமே 10,000, பசுமை வரி தனி. பேர் உங்க பேர்தானா, இல்ல பழைய ஓனர் பேர்லயே ஓடிட்டு இருக்கா? ஹைப்பாதிகேஷன் காலத்துல, 1990-கள்ல மூடிப்போன ஏதாவது ஃபைனான்ஸ் கம்பெனி பேர் இன்னும் உட்கார்ந்திருக்கா? இருந்தா என்.ஓ.சி. வாங்கவே மாசக்கணக்காகும், அது இல்லாம பேர் மாற்றமும் நடக்காது. என்ஜின் நம்பர் பிளாக்ல இருக்கிறதும் ஆர்.சி.யில இருக்கிறதும் ஒண்ணான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. பிளாக் கீறல்னு வேற பிளாக் போட்டா நம்பர் மாறும், தாம்பரம் ஆர்.டி.ஓ.வுல பதியாம விட்டா அடுத்த எஃப்.சி.யில மாட்டும். இந்தப் பேப்பர் எல்லாம் சரியா இருந்தா, மழை முடிஞ்சு ஜனவரியில என்ஜினை இறக்குங்க. ஆர்.டி.யை இந்த மாசமே ஆரம்பிச்சுடுங்க.